"இதெல்லாம் தேவையா?" என்று யாரிடம் கேட்கிறோம்?

ஊர் எதிர்க்கிற காதல், சட்டமே தடுக்கிற காதல் என்று பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் "இவ்வளவு கஷ்டப்பட்டு இதெல்லாம் தேவையா?" என்று கேட்டுவிடுவார். பெரும்பாலும் அக்கறையில்தான் கேட்கிறார். ஆனால் இருவரில் யாரிடம் கேட்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? விலகிப் போக வழி உள்ளவரிடம்தான். அவர் விலகினால் பிழைத்துக்கொள்வார். சரி, இன்னொருவர்?

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஆகஸ்ட் லாண்ட்மெஸ்ஸர் என்றொரு தொழிலாளி. ஹிட்லரின் நாஜிக் கட்சியிலேயே உறுப்பினராக இருந்தவர். இர்மா எக்லர் என்ற யூதப் பெண்ணை மணக்க நிச்சயித்ததால் 1935ல் கட்சி அவரை வெளியேற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த நியூரம்பெர்க் சட்டங்கள், யூதருக்கும் மற்றவருக்கும் இடையே திருமணத்தைத் தடுத்ததோடு உறவையே குற்றமாக்கின. 1937ல் டென்மார்க்குக்குத் தப்பப் பார்த்துப் பிடிபட்டார்கள். 1938 மே மாதம் போதிய ஆதாரம் இல்லை என்று லாண்ட்மெஸ்ஸரை விடுவித்தார்கள், மறுபடி சேர்ந்தால் சிறை என்ற எச்சரிக்கையோடு. இருவரும் பிரியவில்லை. ஜூலையில் மீண்டும் கைது. அவருக்கு இரண்டரை ஆண்டுத் தண்டனை. இர்மா முகாம் முகாமாக அலைக்கழிக்கப்பட்டு 1942ல் கொல்லப்பட்டார். லாண்ட்மெஸ்ஸர் 1944ல் தண்டனைப் படைப்பிரிவில் போருக்கு அனுப்பப்பட்டு இறந்தார்.

அந்த மே மாதமே அவர் ஒதுங்கியிருந்தால் ஒருவேளை உயிரோடு இருந்திருப்பார். இர்மா? அவர் யூதர். காதலித்தாலும் காதலிக்காவிட்டாலும் அவர் பெயர் பட்டியலில் இருந்தது. காதலைக் கைவிட்டு அவர் வாங்கியிருக்கக்கூடிய பாதுகாப்பு என்று ஒன்று இல்லவே இல்லை.

இதைத் தலைகீழாகக் காட்டும் ஒரு வாழ்க்கையும் உண்டு. டிரெஸ்டனில் வாழ்ந்த பேராசிரியர் விக்டர் க்ளெம்பரர் யூதப் பிறப்பு, மனைவி ஏவா அப்படியல்ல. 1906லேயே திருமணம் ஆகிவிட்டதால் சட்டம் அதைச் செல்லாததாக்கவில்லை. மனைவி விவாகரத்து செய்ய வேண்டும் என்று நெருக்குதல் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஏவா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் விடுதலை, கணவர் கொலை முகாமுக்குப் போகும் ரயிலில். அவர் போடவில்லை. கணவரோடு சொந்த வீட்டைவிட்டு, யூதர்களை ஒதுக்கிக் குடிவைத்த விடுதிக்குப் போனார். யூதர் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று 1942ல் உத்தரவு வந்தபோது, அவர்கள் வளர்த்த பூனையையும் கொல்லக் கொடுக்க வேண்டியதாயிற்று. கணவர் ரகசியமாக எழுதிய நாட்குறிப்புத் தாள்களைத் தோழி ஒருவர் வீட்டில் ஒளித்து வைக்கக் கொண்டுபோனதும் ஏவாதான். பிடிபட்டிருந்தால் இருவருக்கும் சாவு.

1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டன் மீது குண்டு விழுந்தது. அந்தக் களேபரத்தில் ஏவா பேனாக்கத்தியால் கணவரின் கோட்டிலிருந்த மஞ்சள் நட்சத்திரத்தை அறுத்தெறிந்தார். யூதர் என்ற அடையாளம் போனதும் இருவரும் அகதிக் கூட்டத்தோடு கலந்து தப்பினார்கள். ஜெர்மனிக்குள் ஒளியாமல் வாழ்ந்து போர் முடியும்வரை பிழைத்த யூதர்களில் பெரும்பாலோர் இப்படி யூதரல்லாத துணை உள்ளவர்கள்தான். அங்கே பிடிவாதமான காதல், கணவரின் உயிருக்கு இருந்த ஒரே ஆவணம்.

அதனால் என் பதில்: தேவைதான். ஆபத்தில்லாத பக்கத்தில் நிற்பவர் விலகினால் முடிவது அவருடைய கஷ்டம் மட்டுமே. இதைச் சொல்லாமல் "விட்டுவிடு" என்று புத்தி சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அதற்காக, செத்தாலும் சேர்ந்தே சாக வேண்டும் என்று கைதட்டுகிற கூட்டத்திலும் நான் இல்லை. (அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கீறல்கூட விழுவதில்லை.) பயந்து பிரிந்தவர்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மறைந்து வாழ்வதும் ஊரைவிட்டு ஓடுவதும் கோழைத்தனமில்லை. லாண்ட்மெஸ்ஸர் குடும்பமும் முதலில் ஓடத்தான் பார்த்தது.

எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்று, அவர்களின் இரண்டு மகள்கள். இந்த முடிவில் அவர்களை யாரும் கேட்கவில்லை. அனாதைகளாக ஆளுக்கொரு இடத்தில் வளர்ந்தார்கள். 1951ல், சட்டம் தடுத்திருந்த பெற்றோரின் திருமணத்தை ஹாம்பர்க் அரசு முன்தேதியிட்டு அங்கீகரித்தது. அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் தேவைதான் என்பார்களா? என் பதிலை அவர்கள் வாயில் திணிக்க எனக்கு உரிமை இல்லை.