மன்னார்க் கடலும் எங்கள் தோட்டத்துக் குருவியும்

போன ஒக்டோபரில் ஒரு விடியற்காலை. இரவு முழுக்க நல்ல பனிமூட்டம். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன் ஒருவர் கொழுந்துச் சாக்கின் ஓரத்தில் எதையோ பொத்திப் பிடித்தபடி எங்கள் லயத்து வாசலில் நின்றார். "தம்பி, பெக்டரி லைட்டுக்குக் கீழ கெடந்துச்சு. உசுரு இருக்கு" என்றார். பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, சிறகில் ஒரு துண்டு நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி. சிங்கள நண்பர்கள் அவிச்சியா என்பார்கள். கையில் வைத்தால் கனமே தெரியவில்லை, நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்தோம். ஒன்பது மணி போல மூடியைத் திறந்ததும் சடாரென்று பறந்து மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டுகிற பறவை அது. குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது, வருவதும் இரவில்தான். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு தேடி வரும் காஷ்மீர் ஈபிடிப்பானும் அப்படித்தான். பாக்கு நீரிணையோ மன்னார் வளைகுடாவோ, நடுவில் இருக்கும் கடலைத் தாண்டாமல் இவை எதுவும் எங்கள் மலையக ஊரான தலவாக்கலைக்கு வந்து சேர முடியாது. இப்போது அந்தக் கடலில் காற்றாலை நடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். இலங்கைக்கான கடல் காற்றாலை வழிகாட்டித் திட்டம் ஒன்றை உலக வங்கிக் குழுமம் 2023இல் வெளியிட்டது. "மலையில இருக்கிற ஒனக்கு கடல்ல என்ன வேலை?" என்று கேட்ட நண்பருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காற்று மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். லயத்துக் காம்பிராவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் என் மகள் படித்தாள். அம்பேவெலப் பக்கம் போகும்போதெல்லாம் புல்வெளிக்கு மேலே சுழலும் காத்தாடிகளைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவன்தான் நான். மன்னார்க் கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியில் 30 காற்றாலைகள் இருக்கின்றன. நாட்டுக்கு இன்னும் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் எதை முதலில் செய்வது என்று ஒரு முறை இருக்கிறது. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபோது எங்கள் சென் கிளயர் நீர்வீழ்ச்சியில் தண்ணீர் எப்படிக் குறைந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அணை எழும்பிய பிறகு, எவ்வளவு தண்ணீர் விடுவது, எத்தனை மணிக்கு விடுவது என்பதைப் பற்றி மட்டும்தான் பேச முடிந்தது. கடலிலும் அதே கதை நடக்கக் கூடாது. எந்தப் பறவை எந்த மாதம் எந்த உயரத்தில் போகிறது, கடற்பசு எந்தக் கடற்புல் திட்டில் மேய்கிறது என்ற கணக்கெடுப்பு சில வருடமாவது நடக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் வரைபடத்தில் கோடு போட வேண்டும். கரையிலேயே இந்தச் சண்டையைப் பார்த்துவிட்டோமே. மத்திய ஆசியப் பறவைப் பாதை மன்னார் வழியாகப் போகிறது என்று சொல்லித்தான் அங்கு வரவிருந்த பெரிய காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக 2024இல் உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.

கடலுக்கு அடியில் நடப்பது இன்னும் மோசம், கண்ணுக்குத் தெரியாததால் யாரும் பேசுவதில்லை. பல மீட்டர் அகல இரும்புத் தூணைக் கடலடியில் ஓங்கி ஓங்கி அடித்து இறக்குவார்கள். ஐரோப்பாவின் வட கடலில் அந்தச் சத்தத்துக்கு, டொல்பினைப் போன்ற சிறு கடற்பன்றிகள் 20 கிலோமீட்டர் தூரத்தில்கூட இடம் பெயர்ந்திருக்கின்றன. ஜேர்மனியில் 750 மீட்டர் தூரத்தில் 160 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்காகத் தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை போடுகிறார்கள். முதலில் மெதுவாக அடித்து, விலங்குகள் விலகிப் போக நேரம் கொடுக்கிறார்கள். நம் கடற்பசுவோ கடற்புல்லைத் தவிர வேறு அதிகம் தின்னாத பிராணி. விரட்டினால் அது எங்கே போய் மேயும்?

பறவைகளுக்கு வழி இருக்கிறது. 2023 மே மாதம் ஓர் இரவு, கூட்டம் கூட்டமாகப் பறவைகள் வருவது முன்கூட்டியே தெரிந்து, நெதர்லாந்து தன் கடல் காற்றாலைகளை நான்கு மணி நேரம் கிட்டத்தட்ட நிறுத்தி வைத்தது. நமக்கு அது இன்னும் சுலபம். நம் காற்று பலமாக அடிப்பது மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில். கொழுந்து எடுக்கிற பெண்களைக் கேட்டால் எந்த மாதம் இடுப்பில் கட்டிய படங்கு காற்றில் பறக்கும் என்று சொல்வார்கள். குருவிகள் வருவது ஒக்டோபரை ஒட்டி, திரும்புவது மார்ச், ஏப்ரலில். இரண்டுமே பருவங்களுக்கு இடைப்பட்ட, காற்று அடங்கிய காலம். அந்த நாட்களில் சில இரவுகள் காத்தாடியை நிறுத்தினால் பெரிய நட்டம் வராது. ஆலா என்ற கடற்பறவைகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, சரி. அவை தென்மேற்குக் காற்றுக் காலத்திலேயே மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணல் தீடைகளில் முட்டையிடுகின்றன. அந்தத் தீடைகளைச் சுற்றிக் காற்றாலையே வரக் கூடாது, அவ்வளவுதான்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். மன்னார் மீனவர்கள் எழுதுவார்கள், கொழும்பில் உள்ளவர்கள் எழுதுவார்கள். நானும் எழுதப் போகிறேன், தலவாக்கலை முகவரி போட்டு, தமிழில். குருவியைக் கொண்டுவந்து தந்த அண்ணனும் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.