கத்தியை இடுப்பில் செருகாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை ஏறும்போது ஒரு பையனின் கத்தி அவன் தொடையிலேயே குத்தியதைப் பற்றி மூன்று நாளாக ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அந்தக் குழுவில் இருந்தேன். அந்தப் பையனின் தொடையில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது நான்தான். அதனால் நானும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

"மலையேறப் போகிறவனுக்குக் கத்தி எதற்கு, தடை போடுங்கள்" என்று ஒரு பக்கம். "கத்தி இல்லாமல் எவன் காட்டுக்குப் போவான்" என்று இன்னொரு பக்கம். அந்தக் கத்தி எங்கே இருந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. உறை இல்லை. பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில், முன்பக்கம் செருகியிருந்தான். ஓடைப் பாறையில் பாசி. வழுக்கி உட்கார்ந்தான், நுனி தொடைக்குள் இறங்கிவிட்டது. ஏழு தையல். இன்னும் கொஞ்சம் உள்பக்கம் தள்ளிப் போயிருந்தால் தொடையின் பெரிய ரத்தக்குழாய். அது அறுந்தால் சில நிமிடங்கள்தான் கணக்கு. நாங்கள் சாலைக்கு வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆனது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கத்தி உறைக்குள் இருக்க வேண்டும், எப்படி விழுந்தாலும் உடம்பில் குத்தாத இடத்தில் இருக்க வேண்டும். மலையில் விழாமல் யாரும் நடப்பதில்லை. நான் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு தரமாவது விழுகிறேன். ஆகவே கத்தியைக் கட்டும்போதே விழுவதை நினைத்துக் கட்ட வேண்டும்.

முன்பக்கம் வைத்தால் குனியும்போதும் உட்காரும்போதும் நுனி தொடையைத் தேடும். நடு முதுகில் வைத்தால், மல்லாந்து விழும்போது கைப்பிடி முதுகெலும்பில் இடிக்கும். இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில், கெட்டியான உறையில், கைப்பிடியைப் பிடிக்கிற பட்டன் வாரோடு தொங்கினால் சரி. அங்கே முதுகுப்பையின் இடுப்புப் பட்டை இடிக்கிறதென்றால் பையின் மேல் அறையில் உறையோடு போடுங்கள். பைக்கு அடியில் புதைத்தால் வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. கழுத்தில் தொங்கவிடுகிறவர்கள், இழுத்தால் அறுந்துவிடுகிற கயிற்றில் தொங்கவிடுங்கள். கிளையில் மாட்டினால் கயிறுதான் அறுபட வேண்டும், கழுத்து இல்லை. துணியில் சுற்றி வைப்பதெல்லாம் உறை ஆகாது, நுனி துளைத்துக்கொண்டு வந்துவிடும். உறை தொலைந்துவிட்டால் கெட்டி அட்டையை மடித்து டேப் சுற்றுங்கள், அன்றைக்குத் தாங்கும்.

மடக்குக் கத்தி இருந்தால் இந்தத் தொல்லையே பாதி இல்லை. ஆனால் விரித்த அலகைப் பூட்டுகிற வசதி வேண்டும். பிரான்ஸ் நாட்டு ஓபினெல் கத்தியில் ஒரு வளையத்தைத் திருகிப் பூட்டுவார்கள், 1955-லிருந்து அதில் இருக்கிறது. பூட்டு இல்லாததை அழுத்தி வெட்டினால் சொந்த விரல் மேலேயே மடங்கும்.

"சட்டம் தெரியுமா உனக்கு?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். தெரியும் அண்ணே. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்தில் அனுமதி வாங்காமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு போகக் கூடாது. அந்தச் சட்டம் ஆயுதம் என்று சொல்கிற பட்டியலில் கத்தியும் பெயரோடு இருக்கிறது. அதனால் முதுமலைக்கும் முண்டந்துறைக்கும் நான் கொண்டுபோவதே இல்லை. அது நியாயமான சட்டம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனது சரணாலயம் வழியாக இல்லை, மிளகும் காப்பியும் போட்ட தோட்டங்கள் வழியாக. எதிரே வந்த ஆட்களில் பாதிப் பேர் கையில் கொடுவாள் இருந்தது.

யானை, சிறுத்தை வந்தால் தற்காப்புக்கு என்று சொல்கிறவர்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை. மூன்று நான்கு அங்குல அலகு போதும். கயிறு அறுக்க, பழம் நறுக்க, கட்டுப்போடத் துணி கிழிக்க. ஞாயிற்றுக்கிழமை அவன் பேண்ட்டை வெட்டிக் காயத்தைப் பார்த்ததும் என் கத்தியால்தான். அதை ஏன் யாரும் எழுதவில்லை?

அப்புறம் என்னைப் பற்றி வந்த அந்தக் கமெண்ட். "பனையேறி பேரன்தானே, அருவாளைத் தூக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்." நாற்பது பேர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறீர்கள். அதில் இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

ஆமாம், பனையேறி பேரன்தான். உடன்குடிப் பக்கம் என் தாத்தா ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறுவார். பாளை சீவுகிற அருவாள், முடியை வைத்தால் முடி அறும். அதை ஒருநாளும் வேட்டியில் செருகியதில்லை. இடுப்புக் கயிற்றில் அருவாப்பெட்டி தொங்கும். சீவி முடித்த அடுத்த நொடி அருவாள் பெட்டிக்குள் போயாக வேண்டும். நாங்கள் கேட்டால் கையில் தரமாட்டார், தரையில் வைப்பார், "எடுத்துக்கோ" என்பார். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று ஊரில் சொல்வார்கள். அவர் அதைச் சொல்லமாட்டார், விரலைத்தான் காட்டுவார்.

நான் ஆறாவது படிக்கும்போது பாதி மரத்திலிருந்து சறுக்கி வந்து விழுந்தார். நெஞ்சு முழுக்கத் தோல் உரிந்து சதை தெரிந்தது. ஆச்சி அலறிக்கொண்டு ஓடினாள். அந்த வலியிலும் அவர் கை முதலில் பெட்டியைத் தொட்டுப் பார்த்தது. அருவாள் உள்ளேயே இருந்தது, அவர் உடம்பில் ஒரு கீறல்கூட அதனால் இல்லை.

அந்த மனுசன் பேரைச் சொல்லித்தான் சிரித்தீர்கள். நீங்கள் கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, படம் எடுத்துப் போட்டுவிட்டு, உறையைக் காரிலேயே விட்டுவிட்டு வருகிறீர்களே, அதைவிட அவருக்குக் கத்தியைப் பற்றித் தெரியும். அந்தப் பையனுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ரத்தமே வந்திருக்காது. குழுவைக் கூட்டிப்போனவர் கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலைச் சரிபார்த்தார், ஷூவைப் பார்த்தார், அவன் இடுப்பைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அது என்னை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

கமெண்டை நீக்கப் போவதில்லை. தாத்தாவின் அருவாப்பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். ஓரத்தில் பள்ளமாகத் தெரிவது இடுப்புக் கயிறு தேய்த்த தடம்.