43ஆம் பக்கத்தில் ஒரு பிழை

போன கிழமை ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார்: "ரீச்சர், இவ்வளவு காலமா எழுதுறீங்க. உங்கட எழுத்து வாழ்க்கையில ஏற்றம் என்ன, இறக்கம் என்ன?" ஏதோ மலருக்காம். மூன்று வரி போதுமாம். மூன்று வரிக்குள் எனக்கு அடங்கவில்லை. இங்கே கொட்டி வைக்கிறேன், வேண்டியதை அவர் வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

என் முதல் கதை அச்சில் வரவில்லை, வானொலியில்தான் வந்தது. இலங்கை வானொலியில் 'இசையும் கதையும்' கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கதை கொஞ்சம் போகும், இடையில் ஒரு சினிமாப் பாட்டு வரும், பிறகு மறுபடி கதை. எங்கள் வீட்டு ரேடியோவில் பற்றரி இறங்கிக் கிடந்ததால் மாமி வீட்டு விறாந்தையில் எல்லோரும் குந்தியிருந்து கேட்டோம். என் பெயர் சொன்னபோது உள்ளங்கை வேர்த்துப் போனது. முடிந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "பாட்டுகள் நல்லாத்தான் இருந்தது கா" என்றா. முப்பது வருசத்துக்கு மேலாக விமர்சனங்கள் கேட்கிறேன். பாதிக்கு மேல் அம்மா சொன்னதைத் தாண்டவில்லை.

1990 ஆனியில் போர் மறுபடி மூண்ட பிறகு, எழுதிய கொப்பிகளை வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம் வந்தது. கதையோ, கணக்கோ, எழுதின தாள் என்றாலே பயம். அம்மா ஒரு விடியக்காலையில் எல்லாவற்றையும் அடுப்பில் வைத்துத் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைத்தா. எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தேத்தண்ணியை நானும்தான் குடித்தேன்.

பிறகு எழுதியவை ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் சேர்ந்தன. கையெழுத்துப் பிரதிகள், கார்பன் பிரதிகள், சஞ்சிகைகளில் வந்த கதைகள் எல்லாம். 2004 டிசம்பர் 26 காலை மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் கடலோரத்தில் இருந்த எங்கள் வீட்டோடு பெட்டியும் போனது. உயிரோடு மிஞ்சியவர்கள் பெட்டியைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைத்தேன், பேசவுமில்லை. ஆனால் அடுத்த ஆறு வருசம் ஒரு வரியும் எழுதவில்லை. "சுனாமியைப் பற்றி ஒரு கதை தாங்களேன்" என்று கேட்காத ஆளில்லை. நாற்பத்தோராம் நாள் கழியுமுன்னமே கவிதை எழுதி முடித்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் அவற்றை இன்றைக்கும் என்னால் வாசிக்க முடியவில்லை.

எழுதாமல் இருந்த அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதல், துறவியும் தமிழறிஞருமான விபுலாநந்த அடிகள். கல்லடி உப்போடையில் அடிகளின் சமாதியைக் கடந்துதான் அப்போது பாடசாலைக்கு சைக்கிளில் போவேன். "அவர் யாழ் நூலுக்குப் பதினாலு வருசம் உழைச்சவர், நீங்க ஆறு வருசத்துக்கே யோசிக்கிறீங்க" என்பார் சக ஆசிரியர் ஒருவர். அடிகள் அந்தப் பதினாலு வருசமும் பழந்தமிழ் இசையை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டியோடு போன ஒரு கதையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. நான் எழுதியதிலேயே அதுதான் உச்சம் என்று மனசுக்குள் ஒரு கோவிலே கட்டி வைத்திருந்தேன். கனடாவில் இருக்கும் ஒரு பிள்ளை ஒருநாள் அனுப்பினா: "அன்ரி, உங்கட கதை நூலகம் தளத்தில கிடக்கு." 2005 இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பழைய சஞ்சிகையைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி ஏற்றியிருக்கிறார். கை நடுங்கத் திறந்தேன். வாசித்தேன். சுமாரான கதை. நாயகி மூன்று இடத்தில் பெருமூச்சு விடுகிறாள், கடைசியில் மழை பெய்கிறது. கடல் கொண்டுபோன கதை பெரிய கதை, திரும்பி வந்தது சின்னக் கதை. அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஆனால் விடியும்போது தோளில் இருந்து எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது. அந்த மாதம்தான் திரும்ப எழுதத் தொடங்கினேன்.

2016 இல் என் முதல் கதைத் தொகுதி வந்தது. சொந்தக் காசு. நம் பகுதியில் அநேகமானோர் புத்தகம் போடுவது இப்படித்தான்: சீட்டெடுத்து, காப்பை அடகு வைத்து. 500 பிரதி அடித்தேன். வெளியீட்டு விழா உங்களுக்குத் தெரியாததல்ல. மங்கல விளக்கு, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, நயவுரை, பொன்னாடை. நயவுரைக்கு வந்தவர் "நூலை முழுமையாக வாசிக்க அவகாசம் கிடைக்கவில்லை, ஆயினும் அட்டைப்படமே ஆயிரம் கதை சொல்கிறது" என்று தொடங்கி நாற்பது நிமிடம் பேசினார். என் ஏற்புரை வரும்போது மணி ஒன்றரை, சபை சிற்றுண்டிப் பொதியோடு வாசலில் நின்றது. இரவு, புத்தகத்துக்குக் காசு வைத்துத் தந்த என்வலப்புகளைப் பிரித்தோம். ஒன்றில் பெயர் மட்டும் அழகாக எழுதியிருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அவரை இப்போதும் சந்தைக்குள் காண்கிறேன், சுகம் விசாரிக்கிறார்.

சில வருசம் கழித்து ஒருநாள் பாடசாலை விடும் நேரம் கேற்றடியில் ஒரு வயசாளி நின்றார். சாரம், தோளில் துவாய், கண்ணில் வெண்படலம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பப்பா. போட்டியொன்றில் அவளுக்குப் பரிசாக என் புத்தகம் கிடைத்திருக்கிறது, தினமும் ஒரு கதையாக அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"ரீச்சர், கோவிக்காதீங்க. அந்தப் புருசன் பொண்டாட்டிச் சண்டைக் கதை. அவன் ராவோட ராவா தோணியெடுத்து ஆத்துவாயால கடலுக்குப் போறான் எண்டு எழுதியிருக்கீங்க. ஆடி மாசம், கச்சான் அடிக்குது எண்டும் எழுதியிருக்கீங்க."

"ஓம்." (ஆத்துவாய் என்றால் வாவி கடலோடு சேருமிடம். கச்சான், கோடையில் அடிக்கும் தென்மேற்குக் காற்று.)

"ஆடியில ஆத்துவாய் மண் மூடிக் கிடக்கும் புள்ள. தோணி எங்கால போற? நடந்தெல்லோ போகலாம்!"

எனக்குக் காது சுட்டது. வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். மாரி வெள்ளம் முட்டினால் மண்ணை வெட்டி வாயைத் திறந்து விடுவதைச் சின்ன வயசில் இருந்து பார்த்தவள். ஆனால் 'கச்சான்' என்ற சொல்லின் அழகில் மயங்கி மாதத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன். அட்டைப்படத்தை வியந்தவர்கள், வாழ்த்தியவர்கள் ஒருத்தருக்கும் இது தட்டுப்படவில்லை.

(மட்டக்களப்புக் கதை என்றால் மீன் பாட வேண்டும் என்று ஒரு சஞ்சிகை ஆசிரியர் முன்பு என்னைக் கேட்டதுண்டு. பௌர்ணமியில் வாவிக்குள் தோணியில் போய், துடுப்பைத் தண்ணிக்குள் விட்டுக் காதை வைத்தால் கேட்கும், உண்மைதான். மீனில்லை, ஊரி என்கிற ஓட்டுப் பிராணிதான் கத்துது என்பவர்களும் இருக்கிறார்கள். என் கதைகளில் எதுவும் பாடாது. அதில் பெருமைப்பட்டுக்கொண்டு, ஆற்றுவாயில் சறுக்கி விழுந்திருக்கிறேன்.)

"அப்ப எந்த மாசம் எண்டு போடுற அப்பப்பா?"

அவர் யோசித்தார். "மார்கழி எண்டு போடலாம். வாய் திறந்திருக்கும். ஆனா மறுகா ஒண்டு இருக்கு. மார்கழி வெள்ளத்தில, வாடைக்க, ராவில தனிய அதால இறங்கிறவன் திரும்பி வாற எண்ணத்தோட போறவனில்ல."

சொல்லிவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நான் கேற்றடியிலேயே நின்றேன். அவன் ஏன் போனான் என்று எழுதிய எனக்கே அதுவரை தெரியாது. கோபத்தில் போகிறான், விடிய வருவான் என்றுதான் நினைத்து எழுதினேன். மனைவி கதவைச் சாத்தாமல் இருப்பதாகக் கடைசி வரி. மாதத்தை மாற்றினால் அந்தத் திறந்த கதவு வேறு கதவு.

தம்பி, ஏற்றம் கேட்டீங்கதானே, அது இதுதான். பொன்னாடைகள் அலுமாரிக்குள் ஏழோ எட்டோ கிடக்கின்றன, கறிவேப்பிலை காயவைக்க எடுக்கிறேன். நயவுரை என்ற சொல்லையே கொஞ்ச காலத்துக்கு ஒத்தி வைத்துவிட்டு, விழாவுக்குப் பதிலாகப் புத்தகத்தில் பிழை பிடிக்கும் நாலு பேரைக் கூப்பிட்டுப் பிளேன்ரீ கொடுத்து இருத்தினால் என்ன? மேடைக் காசும் மிச்சம்.

இரண்டாவது தொகுதி இன்னும் கணினிக்குள் கிடக்கிறது. 2022 இல் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சைகளையே தள்ளி வைத்தார்கள். அந்த நேரம் அச்சகத்தில் சொன்ன விலை முன்பு சொன்னதைப்போல மூன்று மடங்கு. அதற்குப் பிறகு கேட்கப் போகவில்லை.

முதல் தொகுதியில் 212 பிரதி கட்டிலுக்குக் கீழே மிஞ்சியிருந்தது. பள்ளி விடுமுறையில் ஒவ்வொன்றாக எடுத்து நீலப் பேனையால் திருத்திவிட்டேன். ஏற்கெனவே வாங்கியவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்: 43ஆம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி, 'ஆடி' என்பதை 'மார்கழி' என்றும், அதற்கடுத்த வரியில் 'கச்சான்' என்பதை 'வாடை' என்றும், பக்கத்தின் அடியில் 'புழுதி' என்பதைச் 'சேறு' என்றும் மாற்றவும். சில பிரதிகளில் 42ஆம் 43ஆம் பக்கங்கள் மேலே வெட்டுப்படாமல் ஒட்டியபடி இருக்கின்றன என்று பிந்தித்தான் கண்டேன். உங்களுடையதும் அப்படியென்றால் அடிமட்டத்தை (ஸ்கேலை) உள்ளே விட்டு மெதுவாகப் பிரியுங்கள்.