இரவு தங்கும் முகாமுக்கு அனுப்புங்கள், போன் செய்யாதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசல்களில் எல்லாம் சம்மர் கேம்ப் பேனர்கள் முளைத்துவிடுகின்றன. அபாகஸ், கீபோர்டு, ரோபோட்டிக்ஸ், களிமண் பொம்மை. காலையில் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்துவிடலாம். டியூஷனின் கோடைக்கால அவதாரங்கள் இவை. நான் பேச வருவது வேறு ஒன்றைப் பற்றி. பிள்ளைகள் வீட்டை விட்டுப் போய்ச் சில இரவுகள் தங்கி வரும் முகாம்.

என் மகள் பள்ளியின் சாரணியர் படையில் இருக்கிறாள். "பெண் பிள்ளையை ராத்திரியில் வெளியே தங்க விடுவதா?" என்று உறவில் ஒரு பெரிய பட்டாளமே என்னிடம் கேட்டிருக்கிறது. அவர்களுக்கான பதிலாகவும் இதை வைத்துக்கொள்ளலாம்.

தன்னம்பிக்கை வரும், தலைமைப் பண்பு வளரும் என்றெல்லாம் நோட்டீசில் அச்சடிக்கிறார்கள். வரட்டும், வளரட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வீட்டில் பிள்ளை ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாவிட்டாலும் வீடு ஓடுகிறது. தோசை தட்டுக்கு வருகிறது, சீருடை இஸ்திரி போட்டு வருகிறது. சாரணர் முகாமில் ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்தது ஓர் அணி. அணித் தலைவியும் அவர்களில் ஒருத்திதான். இன்று தண்ணீர் எடுத்துவர வேண்டியவள் மரத்தடியில் கதை பேசிக்கொண்டிருந்தால் அந்த எட்டுப் பேருக்கும் சோறு வேகாது. தன்னால் ஏழு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பன்னிரண்டு வயதில் உணர்வதை எந்தப் பெற்றோராலும் வீட்டில் ஏற்பாடு செய்ய முடியாது. நாம் அடுத்த அறையில் இருக்கிறோம் என்று தெரிந்தவரை அது நாடகம்தான்.

மூங்கில் கழிகளையும் கயிற்றையும் வைத்து அவர்களே பாத்திரம் கவிழ்க்கும் பரண் கட்டுகிறார்கள், செருப்பு வைக்கத் தட்டு கட்டுகிறார்கள். முடிச்சு சரியாக விழவில்லை என்றால் பரண் சரிந்து தட்டெல்லாம் மண்ணில் கிடக்கும். திட்டுவதற்குத் தனியாக ஆள் வேண்டியதில்லை. பாத்திரமே இல்லாமல் சமைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. உருளைக்கிழங்கின் மேல் களிமண்ணை அப்பித் தணலில் புதைப்பார்கள், பிசைந்த மாவைக் குச்சியில் சுற்றிச் சுடுவார்கள். பாதி கரி, பாதி பச்சை. வீட்டில் சாம்பாரில் கத்தரிக்காயைப் பொறுக்கி ஒதுக்கும் மகாராணிகள் அதைச் சண்டை போட்டுக்கொண்டு தின்கிறார்கள்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களோடு முதல் முகாமை நடத்தினார். பெரிய இடத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பையன்களையும் நான்கு அணிகளில் கலந்துவிட்டார். அதே இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். இந்தியச் சிறுவர்களுக்காகச் சென்னையில் அன்னி பெசன்ட் தனிச் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாகச் சோறு போட்டதில் எழுந்த கொந்தளிப்பு நம் அரசியலையே புரட்டிப்போட்டது. பகலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். யார் வடித்த சோற்றை யார் தின்பது, யார் பக்கத்தில் யார் பாய் விரிப்பது என்பதெல்லாம் இரவு தங்கினால்தான் எழும் கேள்விகள். கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நாட்டில், ஒரே பானைச் சோறும் ஒரே கூடாரமும் எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அழுவார்களே என்கிறீர்களா? அழுவார்கள். முதல் நாள் இரவு பெரும்பாலும் அழுகைதான். வீட்டு ஏக்கத்தைப் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. "பிடிக்கவில்லை என்றால் சொல், அப்பா வந்து அழைத்துப் போகிறேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள் என்கிறது அது. அந்த ஒரு வாக்கியத்திலேயே 'உன்னால் முடியாது' என்று நாம் சொல்லிவிடுகிறோம். முகாமுக்கு முன்பே பிள்ளை வேறு வீடுகளில் தங்கிப் பழகட்டும் என்பது இன்னொரு யோசனை. ஆயா வீடு, சித்தி வீடு என்று கோடை முழுக்கக் கிடந்த தலைமுறைக்கு இதற்கு மருத்துவர் தேவைப்படவில்லை. இப்போதோ முகாம் நடத்தும் ஆசிரியர்களிடம் மணிக்கு ஒரு போட்டோ வாட்ஸப்பில் கேட்கிறோம். பாவம் அவர்கள், எட்டு அடுப்பைப் பார்ப்பார்களா, நம் குரூப்பைப் பார்ப்பார்களா?

பாதுகாப்பைப் பற்றிய பயத்தை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போலி என்.சி.சி. முகாம் ஒன்றில் தங்கிய மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையை மறக்க முடியாது. அதற்காகப் பிள்ளையைப் பூட்டி வைக்க முடியாது, கேள்வி கேட்கலாம். நடத்துவது உண்மையிலேயே அந்த அமைப்புதானா என்று மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். மாணவிகள் தங்கும் இடத்திலேயே எத்தனை ஆசிரியைகள் படுக்கிறார்கள்? கழிப்பறை எத்தனை அடி தூரம், வழியில் விளக்கு இருக்கிறதா? இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர்களிடம் அனுப்பாதீர்கள். பதில் திருப்தி என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனைக் கீழே வையுங்கள்.

2025 ஜனவரிக் கடைசியில் மணப்பாறையில் நடந்த சாரணர் பெருந்திரளணிக்கு நாடெங்கிலும் இருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து கூடாரங்களில் தங்கினார்கள். பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பல அரசுப் பள்ளிகளில் சாரணர் படை ஒற்றை ஆசிரியரின் ஆர்வத்தில் நிற்கிறது. அவருக்கு மாறுதல் வந்தால் படை கலையும், கூடாரத் துணி எலிக்குப் போகும். கைக்காசைப் போட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஸ்மார்ட் போர்டு எப்போது வரும் என்று கேட்கிறோம். இந்த ஆண்டு முகாம் எப்போது, அதற்குப் பணம் ஒதுக்கியாயிற்றா என்றும் அங்கேயே கேட்போம்.