சில பழைய கேமராக்கள் பேட்டரி இல்லாமல் ஓடாது

"பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர் கேமரா எதுவானாலும் பேட்டரியே வேண்டாம்" என்று இங்கே ஒருவர் சொல்லியிருப்பது பாதிதான் சரி. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 இரண்டுக்கும் அது பொருந்தும். அவற்றின் ஷட்டர் (ஃபிலிமில் ஒளி விழத் திறந்து மூடும் திரை) முழுக்க ஸ்பிரிங் விசையில் ஓடுவது. பேட்டரி, ஒளியை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். எஃப்எம்2-வில் 1/4000 நொடி வரையிலான ஷட்டர் வேகம் பேட்டரி இல்லாமலே கிடைக்கும், அதனால்தான் அதன்மேல் எனக்கு அத்தனை பிரியம்.

ஆனால் 1976-இல் வந்த கேனான் ஏஇ-1 அப்படியில்லை. அதன் ஷட்டர் மின்னணு முறையில் இயங்குவது. பேட்டரி தீர்ந்துவிட்டால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் ‘க்ளிக்’ வராது. நிக்கான் எஃப்இ2 இந்த இரண்டு வகைக்கும் நடுவில்: பேட்டரி போனாலும் ‘பல்ப்’ (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் முறை), ஷட்டர் வேகத் திருகில் எம்250 என்ற இடத்தில் 1/250 நொடி ஆகிய இரண்டும் வேலை செய்யும்.

ஏஇ-1 வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து பையில் ஒரு 6 வோல்ட் பேட்டரியைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.