காலப்பயணி என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய ஓர் எண்

முகத்தை மங்கலாக்கி, குரலை இயந்திரக் குரலாக மாற்றி, "நான் எதிர்காலத்திலிருந்து வந்திருக்கிறேன், இந்தத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கும் காணொளிகள் மீண்டும் மீண்டும் கண்ணில் படுகின்றன. நான் மதிக்கும், நன்கு படித்த நண்பர்களும் அவற்றைப் பகிர்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். இப்படிச் சொல்லிக்கொள்பவர்களில் ஒருவரைக்கூட நான் நம்பவில்லை. தம் கூற்றை மெய்ப்பிக்க மிக எளிய வழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே அதற்குக் காரணம்.

முதலில் இயற்பியலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். எதிர்காலத்தை நோக்கிச் சற்று விரைவாகச் செல்வது அளந்து பார்க்கப்பட்ட உண்மை. 1971 அக்டோபரில் ஹேஃபலே, கீட்டிங் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தபோது, கிழக்கு நோக்கிச் சென்ற கடிகாரங்கள் தரையில் இருந்தவற்றைவிடச் சுமார் 59 நானோவினாடி (ஒரு நானோவினாடி என்பது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) பின்தங்கின; அதாவது அவற்றுக்குக் குறைவான காலமே கடந்திருந்தது, அந்த அளவுக்கு அவை நம் எதிர்காலத்துக்குள் வந்திருந்தன. மேற்கு நோக்கிச் சென்றவை சுமார் 273 நானோவினாடி முந்தின. விண்வெளியில் மொத்தம் 803 நாட்களைக் கழித்த ரஷ்ய வீரர் செர்கேய் கிரிகால்யோவ், ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு நம் எதிர்காலத்துக்குள் சென்றவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பின்னோக்கிச் செல்வதுதான் சிக்கல். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே, சுற்றி வந்து தன் கடந்த காலத்தைத் தொடும் பாதைகள் கொண்ட ஒரு பிரபஞ்சத்தை 1949-இல் கணிதவியலாளர் குர்ட் கோடல் கணித அளவில் காட்டினார்; இயற்கை விதிகள் அத்தகைய பாதைகளை உருவாகவே விடமாட்டா என்ற ஊகத்தை 1992-இல் ஸ்டீபன் ஹாக்கிங் முன்வைத்தார். அந்த ஊகம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே 'முடியவே முடியாது' என்று அடித்துச் சொல்ல நான் ஆளில்லை.

ஆனால் இணையத்தில் வந்து நிற்பவர்கள் இயற்பியலைக் கொண்டு வருவதில்லை, கதையைக் கொண்டு வருகிறார்கள். அவர்களில் மிகவும் புகழ்பெற்றவர் ஜான் டைட்டர் என்ற பெயரில் 2000 நவம்பர் முதல் 2001 மார்ச் வரை எழுதியவர். தாம் 2036-ஆம் ஆண்டைச் சேர்ந்த ராணுவ வீரர் என்றும், தம் காலத்துக் கணினிகளின் கோளாறைச் சரிசெய்ய ஐபிஎம் 5100 என்ற பழைய கணினியை எடுத்துவர 1975-க்கு அனுப்பப்பட்டவர் என்றும், திரும்பும் வழியில் இங்கே இறங்கியிருப்பதாகவும் அவர் சொன்னார். அந்தக் கணினிக்கு ஐபிஎம்மின் பழைய பெருங்கணினிகளுக்கான நிரல்களை இயக்கும் திறன் உண்டு என்பதும், அது பரவலாக விளம்பரப்படுத்தப்படாத செய்தி என்பதும் உண்மையே. பல கணினிகள் நேரத்தைக் கணக்கிடும் 32 பிட் எண் 2038 ஜனவரி 19 அன்று தன் எல்லையைத் தாண்டி நிரம்பி வழிந்து, தேதிக் கணக்கைக் குழப்பும் என்பதும் உண்மையே. இன்றும் டைட்டரை நம்புகிறவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த இரண்டையும்தான். அந்தக் கணினியை உருவாக்கிய பொறியாளர்களுக்கும் அதில் ஆழ்ந்து வேலை செய்தவர்களுக்கும் தெரிந்த ஒன்றை அறிந்துகொள்ள 2036-இலிருந்து வர வேண்டியதில்லை. ஆண்டை இரண்டு இலக்கங்களில் மட்டும் குறித்த கணினிகள் 2000 பிறந்ததும் தடுமாறும் என்ற ஆண்டு 2000 பிழையைப் பற்றி உலகமே பேசி ஓய்ந்த மறு ஆண்டில், பழைய கணினிகளையும் தேதிக் கணக்கையும் வைத்து ஒருவர் கதை பின்னியதில் வியப்பும் இல்லை.

அவர் சொன்ன எதிர்காலத்தையும் பார்ப்போம். அமெரிக்காவில் 2004, 2005 வாக்கில் உள்நாட்டுப் போர் தொடங்கும் என்றார். 2004-க்குப் பிறகு ஒலிம்பிக் போட்டிகளே நடக்கமாட்டா என்றார். 2015-இல் ரஷ்யா அணுகுண்டுகளை வீசும், கோடிக்கணக்கானோர் மடிவார்கள் என்றார். 2006-இல் டூரினிலும் 2008-இல் பெய்ஜிங்கிலும் ஒலிம்பிக் நடந்தது; மற்றவை நடக்காமலேயே அந்த ஆண்டுகளை நாம் கடந்து வந்துவிட்டோம். அவர் எழுதுவதை நிறுத்திய ஆறாவது மாதம் செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்து அமெரிக்காவின் போக்கையே மாற்றியது. அதைப் பற்றித் தெளிவான ஒரு சொல்லைக்கூட அவர் எழுதவில்லை. 2000-ஆம் ஆண்டில் வாழ்ந்த ஓர் அமெரிக்கர் எதற்கெல்லாம் பயந்தாரோ, அதுதான் அவருடைய எதிர்காலமாக இருந்தது.

இவ்வளவும் பொய்த்த பிறகும் அந்தக் கதை உயிரோடிருப்பதற்குக் காரணம், அவர் முன்கூட்டியே வைத்துக்கொண்ட பின்வாசல். தம் காலக்கோடும் (நிகழ்வுகள் நடந்தேறும் வரிசையும்) நம் காலக்கோடும் ஓரிரு சதவீதம் வேறுபடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். நடந்தால் அவர் காலப்பயணி. நடக்காவிட்டால் நாம் வேறு காலக்கோடு. எந்த விளைவு வந்தாலும் தோற்காத ஒரு கூற்றுக்கு எந்த விளைவும் சான்றாகாது என்பதை நம்புகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

சில கணிப்புகள் பலித்தனவே என்று கேட்பீர்கள். 2014 ஜூலையில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி முடிந்ததும் ஒரு ட்விட்டர் கணக்கு பரபரப்பானது. கூடுதல் நேரத்தில் ஜெர்மனி வெல்லும், கோட்சே கோல் அடிப்பார் என்றெல்லாம் போட்டிக்கு முன்பே அதில் எழுதப்பட்டிருந்தது. 113-ஆவது நிமிடத்தில் கோட்சே கோல் அடித்து, ஜெர்மனி 1-0 என வென்றது. அந்தக் கணக்கு காலப்பயணம் என்று சொல்லவில்லை, ஆட்டம் முன்பே பேசி முடிக்கப்பட்டது என்றுதான் சொன்னது; ஆனால் கையாண்ட உத்தி ஒன்றே. நடக்கக்கூடிய முடிவுகளையெல்லாம் தனித்தனிப் பதிவுகளாக எழுதி வைத்து, ஆட்டம் முடிந்ததும் பொய்த்தவற்றை அழித்துவிட்டால், மிஞ்சுவது தீர்க்கதரிசனம். இது தவிர, யூடியூபில் காணொளியின் தலைப்பையும் விளக்கத்தையும் பிறகு மாற்றினாலும் பதிவேற்றிய தேதி மாறாது. முகநூலில் பதிவின் தேதியையே பின்னோக்கி வைக்க வசதி இருந்திருக்கிறது. திரையில் தெரியும் தேதியை மட்டும் நம்பி வியப்பவர்களுக்காகவே இவை பயன்படுத்தப்படுகின்றன.

எந்தத் தந்திரமும் இல்லாமல்கூட ஒரு கணிப்பு பலிக்கலாம். 1610-இல் கலிலியோ தம் புதிய கண்டுபிடிப்பை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராகக் வானியலாளர் கெப்ளருக்கு எட்டும்படி அனுப்பினார். பிறர் தெரிந்துகொள்ளாமலும், தாமே முதலில் கண்டவர் என்பது பதிவாகவும் அக்கால அறிஞர்கள் பயன்படுத்திய முறை அது. சனிக் கோள் மூன்று உருவங்களாகத் தெரிகிறது என்பதே அதன் விடை. கெப்ளரோ செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் உண்டு என்று அதைத் தவறாகப் படித்தார். 1877-இல் ஆசாஃப் ஹால் செவ்வாயைச் சுற்றும் நிலவுகளைக் கண்டுபிடித்தார், அவை இரண்டேதான்! 267 ஆண்டுகளுக்கு முன்பு தவறான வாசிப்பில் பிறந்த ஒரு கணிப்பு அப்படியே பலித்தது. கெப்ளர் காலப்பயணி என்று யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் எதைச் சான்றாக ஏற்கலாம்? என் பதில் ஓர் எண். ஆர்எஸ்ஏ-2048 என்பது 2001-இல் ஒரு சவாலாக வெளியிடப்பட்ட 617 இலக்க எண். இரண்டு பகா எண்களைப் பெருக்கி அதை உருவாக்கினார்கள். அந்த இரண்டும் எவை என்பது இன்றுவரை வெளிவரவில்லை. அதைவிடச் சிறிய, 250 இலக்கம் கொண்ட எண்ணை 2020 பிப்ரவரியில் உடைக்கவே, அதாவது அதன் இரு பகா எண்களைக் கண்டுபிடிக்கவே, கணினிச் செயலியின் ஒரே ஓர் உள்ளகம் (core) மட்டும் உழைத்தால் 2700 ஆண்டுகள் ஆகக்கூடிய கணக்கு தேவைப்பட்டது. ஆனால் விடையைச் சரிபார்ப்பது மிக எளிது: இரண்டு எண்களைப் பெருக்கிப் பார்த்தால் போதும், சாதாரணக் கணினி ஒரு நொடிக்குள் சொல்லிவிடும். 1977-இல் வெளியான 129 இலக்க எண் 1994-இல்தான் உடைந்தது. 1994-இலிருந்து 1977-க்கு ஒருவர் உண்மையிலேயே சென்றிருந்தால், 64 இலக்கமும் 65 இலக்கமும் கொண்ட அந்த இரு காரணிகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துச் சென்றிருக்கலாம். பார்த்த கணிதவியலாளர் அந்த இடத்திலேயே எழுந்து நின்றிருப்பார்.

காலக்கோடு மாறிவிட்டது என்ற பின்வாசலும் இங்கே அடைபட்டுவிடுகிறது. போர்கள் மாறலாம், தேர்தல்கள் மாறலாம், விளையாட்டின் முடிவுகள் மாறலாம்; அதே எண்ணின் காரணிகள் எந்தக் காலக்கோட்டிலும் மாறமாட்டா. வரலாற்றைக் குலைக்கக் கூடாது என்ற விதி தடுக்கிறது என்பார்கள். பேரழிவுகளின் நாளையும் மாதத்தையும் சொல்லும்போது அந்த விதி எங்கே போனது? காலத்தைக் கடந்து ஒரு கணினியையே சுமந்து செல்ல முடிந்தவருக்கு ஒரு தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது சிரமமா? இதுவரை ஒருவரும் அந்த எண்ணின் காரணிகளோடு வரவில்லை.

இதைத் தேடிப் பார்த்தவர்களும் உண்டு. 2009 ஜூன் 28 அன்று ஹாக்கிங் காலப்பயணிகளுக்காக ஒரு விருந்து வைத்து, அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார்; ஒருவரும் வரவில்லை. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் நெமிராஃபும் தெரசா வில்சனும் 2013-இல் இன்னும் நுட்பமாகத் தேடினார்கள். 2012 செப்டம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட ஐசான் வால்நட்சத்திரத்தின் பெயரையும், 2013 மார்ச்சில் முதன்முறையாக ஒரு போப் சூட்டிக்கொண்ட பிரான்சிஸ் என்ற பெயரையும் அந்தத் தேதிகளுக்கு முன்பே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று இணையத்தில் துழாவினார்கள். குறிப்பிட்ட சொல்லைக் கொண்ட செய்தியை ஏற்கெனவே கடந்துபோன ஒரு மாதத்துக்குள் அனுப்பும்படியும் கேட்டார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அந்தத் தேடலை நான் மிகவும் மதிக்கிறேன். நம்புகிறவர்கள் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் செய்தார்கள்.

பொழுதுபோக்குதானே என்று சிலர் கேட்கிறார்கள். என் உறவினர் வீட்டுப் பதின்ம வயதுப் பெண் ஒருத்தி, ஒரு காணொளி குறித்துக் கொடுத்த நிலநடுக்கத் தேதியை நம்பி, அதற்கு முந்தைய இரவு முழுவதும் உடுத்திய உடையோடு வாசலருகே உட்கார்ந்திருந்தாள். தேதி கடந்தது. அந்தக் கணக்கில் ஒரு வருத்தமும் தெரிவிக்கப்படவில்லை. பழைய காணொளி நீக்கப்பட்டு, அடுத்த தேதிகளின் பட்டியல் ஏறியிருந்தது. அவளுடைய பயம் யாரோ ஒருவருக்குப் பார்வை எண்ணிக்கையானது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நண்பர்களே, இத்தகைய காணொளியைப் பகிர்ந்தே தீருவேன் என்றால், அதில் சொல்லப்பட்ட தேதிக்கு மறுநாள் உங்கள் பக்கத்தில் 'இது நடக்கவில்லை' என்று பெயர் சொல்லி எழுதுங்கள். முதல் பதிவைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதையும் பார்க்கட்டும்.