பழைய கேம் ஆடணுமா? முதலில் அது யாருடையது என்று பாருங்கள்

பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய சிஸ்டம்) கேம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்தக் கேள்வி கூடவே வந்துவிடும்: "முப்பது வருஷத்துக்கு முந்தின கேம், கம்பெனியே மூடியாச்சு, டவுன்லோடு பண்ணினா என்ன தப்பு?" உடனே நாலு பேர், "அபாண்டன்வேர் ப்ரோ, ஃப்ரீதான்" என்பார்கள். அபாண்டன்வேர் என்றால் உரிமையாளர் கைவிட்ட கேம் என்று அர்த்தம். ஃப்ரீ இல்லை. நம்ம ஊர்ச் சட்டத்திலும் சரி, அமெரிக்கச் சட்டத்திலும் சரி, அப்படி ஒரு வகையே கிடையாது.

கம்பெனி மூடினால் உரிமை காற்றில் கரைந்துவிடாது. சிஸ்டம் ஷாக் 2 கதை தெரியுமா? 1999இல் வந்த கேம். அதைச் செய்த லுக்கிங் கிளாஸ் அடுத்த வருஷமே மூடப்பட்டது. உரிமை கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம்! 2012இல் ஸ்டீபன் கிக் என்பவர் அந்த இன்ஷூரன்ஸ்காரர்களிடமே பேசி அனுமதி வாங்கினார். 2013 பிப்ரவரியில் கேம் ஜிஓஜி என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. 2000இல் வந்த நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் உரிமை எந்தப் பெரிய கம்பெனியிடம் எவ்வளவு இருக்கிறது என்பதே சிக்கலாகி, அதே கிக்கின் நைட்டைவ் கம்பெனி எடுத்த முயற்சி பாதியில் நின்றது.

கம்பெனி வெளியிட்ட கேமுக்கு அமெரிக்காவில் வெளியானதிலிருந்து 95 வருஷம் பதிப்புரிமை. நம்ம கம்ப்யூட்டர் கிளாஸ்களில் எல்லோரும் ஆடிய டேஞ்சரஸ் டேவ் டாஸில் வந்தது 1990இல். அந்தக் கணக்கில் 2085 முடியணும். இந்தியாவில் திருட்டுக் காப்பி என்று தெரிந்தே புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 63பி பிரிவு: 7 நாளிலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் சிறை இல்லாமல் 50,000 வரை அபராதத்தோடு விட கோர்ட்டுக்கு இடமுண்டு. டேவ் ஆடினதற்காக யாரும் வீடு தேடி வரப்போவதில்லை, அது வேறு விஷயம்.

சரி, முறைப்படி ஆட என்னதான் இருக்கிறது? நிறையவே இருக்கிறது. உரிமையாளரே இலவசமாகக் கொடுத்த கேம்களிலிருந்து தொடங்குங்கள். பினீத் எ ஸ்டீல் ஸ்கை (1994), லூர் ஆஃப் த டெம்ப்ட்ரஸ் (1992) இரண்டையும் அவற்றைச் செய்த ரெவல்யூஷன் கம்பெனி 2003இல் இலவசமாக்கியது. பழைய அட்வென்ச்சர் கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற புரோகிராமின் தளத்திலேயே கேம் ஃபைல்கள் இருக்கின்றன. ஃபைலை ஒரு ஃபோல்டரில் அவிழ்த்து வைத்து, ஸ்கம்விஎம்மில் 'ஆட் கேம்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் முடிந்தது. ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். இலவசம் என்பதால் எதுவும் செய்யலாம் என்று இல்லை. ஸ்டீல் ஸ்கையை நண்பருக்குத் தரலாம், அதற்கென்று காசு வாங்கக் கூடாது என்று லைசென்சே சொல்கிறது.

பெதஸ்டா கம்பெனி 2004இல் அரீனா கேமையும் 2009இல் டாகர்ஃபாலையும் இலவசமாக விட்டது. இப்போது ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையிலேயே எடுக்கலாம். டாகர்ஃபாலை அப்படியே டாஸ்பாக்ஸில் (இன்றைய கம்ப்யூட்டரில் டாஸ் கேம்களை ஓட்டும் புரோகிராம்) ஆடினால் பாதாளக் கோட்டைச் சுவருக்குள் புகுந்து வெற்று வெளியில் விழுவீர்கள். அது அன்றைக்கே இருந்த பக். ரசிகர்கள் புதிதாக எழுதிய இன்ஜினான டாகர்ஃபால் யூனிட்டி 1.0 2023 கடைசியில் வந்தது. அதை இறக்கி, ஸ்டீமில் எடுத்த கேமின் 'அரீனா2' ஃபோல்டரைக் காட்டுங்கள். கேம் டேட்டா பழையது, இன்ஜின் புதியது.

டூம் விஷயத்தில் நிறையப் பேர் குழம்புவார்கள். இன்ஜின் சோர்ஸ் (கேமை ஓட்டும் நிரல்) 1999 முதல் ஜிபிஎல், அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற லைசென்ஸ். லெவல், படம், சத்தம் அடங்கிய வாட் ஃபைல் அப்படி இல்லை. ஷேர்வேராக (இலவச மாதிரியாக) வந்த முதல் எபிசோடின் 9 லெவல்களைத் தாராளமாக ஆடலாம். மீதிக்குக் காசு கொடுங்கள், இல்லையென்றால் அதே இன்ஜினில் ஓடும் இலவச மாற்றான ஃப்ரீடூம் போடுங்கள்.

இலவசமாக இல்லாததை ஜிஓஜியில் தேடுங்கள். தள்ளுபடி நாளில் சில கேம்கள் ஒரு டீ, வடை விலைக்கு வரும். டாஸ்பாக்ஸைச் சேர்த்தே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் பிரவுசரிலேயே ஓடும் டாஸ் கேம்கள் 2015 முதல் இருக்கின்றன. அங்கே இருப்பதாலேயே உரிமையாளர் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கண்ட தளத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ஃப்ளாப்பி 1.44 எம்பி. ஒற்றை ஃப்ளாப்பியில் வந்த கேமுக்கு 80 எம்பி 'இன்ஸ்டாலர்' வந்தால் மிச்சம் 78 எம்பியில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள்.

இனி ஓட்டும் வேலை. டாஸ்பாக்ஸின் புதிய வடிவமான டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் எடுத்துக்கொள்ளுங்கள். கேமுக்கென்று தனி ஃபோல்டர் போடுங்கள், பெயர் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல், ஆங்கிலத்தில். டாஸ்பாக்ஸைத் திறந்து 'மவுண்ட்' என்று அடித்து, இடைவெளி விட்டு 'சி', மறுபடி இடைவெளி விட்டு அந்த ஃபோல்டரின் முழு முகவரி. உங்கள் நிஜ சி டிரைவ் முழுவதையும் மவுண்ட் பண்ணாதீர்கள். பழைய இன்ஸ்டாலர் ஒன்று கண்டதில் கைவைத்தால் போச்சு.

கேம் தலைதெறிக்க ஓடினால் சைக்கிள்ஸ், அதாவது டாஸ்பாக்ஸ் காட்டும் பிராசஸர் வேகம்தான் பிரச்சினை. 80களின் தொடக்கத்து கேம்கள் பலவும் 4.77 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதியவை. அவற்றுக்குச் சைக்கிள்ஸ் சுமார் 300 போதும். கன்ட்ரோல் எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும். லேப்டாப்பில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். 'ரன்டைம் எரர் 200' என்று விழுந்தால் அது டர்போ பாஸ்கலில் எழுதிய கேம். தொடக்கத்தில் வேகத்தை அளக்கும்போது கணக்கு நிரம்பி வழிந்துவிடுகிறது. அதற்கும் சைக்கிள்ஸைக் குறைப்பதுதான் மருந்து.

சத்தம் வரவில்லையா? கேமின் செட்டப்பில் சவுண்ட் பிளாஸ்டர் 16, போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 கொடுங்கள். பேச்சும் வெடிச்சத்தமும் வந்து பாட்டு மட்டும் ஊமையா? இசை சிடியில் ஆடியோ டிராக்காக இருந்திருக்கும். சிடியை ஐஎஸ்ஓ ஃபைலாகக் காப்பி எடுத்தால் டேட்டா மட்டும்தான் வரும். பின், க்யூ இரண்டு ஃபைலாக எடுத்து, க்யூவை 'ஐஎம்ஜிமவுண்ட்' பண்ணுங்கள்.

வீட்டில் ஒரிஜினல் சிடி வைத்திருப்பவர்களுக்கு: பதிப்புரிமைச் சட்டம் 52வது பிரிவு, முறையாக வைத்திருக்கும் புரோகிராமைப் பழுதுக்குப் பயந்து பேக்கப் எடுக்க விடுகிறது. ஆனால் விண்டோஸ் 95 காலத்து இன்ஸ்டாலர்களில் பல 16 பிட். 64 பிட் விண்டோஸ் அவற்றைத் தொடாது. காப்பி எடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட சிடி என்றால் டிரைவில் சிடி சுற்றிக்கொண்டிருக்கும்போதே "சிடியைப் போடு" என்று கேட்கும். பாதுகாப்பு ஓட்டை காரணமாக அந்தப் பூட்டின் டிரைவரை விண்டோஸ் 10 ஏற்றுவதே இல்லை. பூட்டை உடைக்கும் கிராக் தேடி அலையாமல் ஜிஓஜியில் பூட்டில்லாத பிரதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு சொன்னதால் கம்பெனிகள் பக்கம் என்று நினைக்க வேண்டாம். 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. நூலகங்கள் தங்களிடமுள்ள பழைய கேமை ஆய்வாளருக்கு இணைய வழியில் காட்டக்கூட 2024 அக்டோபரில் அங்கே அனுமதி மறுத்தார்கள். எதிர்த்து நின்றது கேம் கம்பெனிகளின் சங்கம். தானும் விற்கமாட்டேன், நூலகத்தையும் காட்டவிடமாட்டேன் என்பது அடாவடி. விற்க மனமில்லையென்றால் பெதஸ்டா மாதிரி விட்டுத் தொலையட்டும். இஏ கம்பெனி 2025 பிப்ரவரியில் கமாண்ட் அண்ட் காங்கர், ரெட் அலர்ட் சோர்ஸையே ஜிபிஎல்லில் கொடுத்தது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

நீங்கள் தேடும் கேம் எங்கேயும் இல்லையென்றால் ஜிஓஜியின் டிரீம்லிஸ்ட் பக்கத்தில் அதன் பெயருக்கு ஓட்டுப் போடுங்கள். அக்கவுண்ட் மட்டும் இருந்தால் போதும், காசு கேட்பதில்லை.